தத்துவ போதகரும் அவர்தம் கூரை வீடும்

பெரியோர் வாழ்ந்த இல்லங்களைப் பேணிக் காத்தல் மேனாட்டாரிடம் உள்ள நல்வழக்கங்களுள் ஒன்றாகும். ஆங்கில நாட்டில், ஸ்ட்ராட்போர்டு நகரத்தை அடுத்து, ஷாட்டரி என்னும் சிற்றூர் உண்டு. அவ்வூரில், கருவாலி மரச் சட்டங்களால் எலும்புக்கூடு போல நிறுத்தி, சட்டங்களின் இடைவெளியை மிலாறுப் பின்னலும் களிமண்ணும் கொண்டு அடைத்து, மேலே தாளால் வேய்ந்த பழைய குடியானவர் வீடு ஒன்று இன்றும் நிற்கின்றது. அதன் மிகப் பழைய பகுதி 15ஆம் நூற்றாண்டில் எழுந்தது. மகாகவி ஷேக்ஸ்பியரை 1582இல் மணந்த ஆன் ஹாதவே அம்மையார் பிறந்து வளர்ந்த இல்லம் அது. அவ்வம்மையாரின் பிறந்த குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக அதில் வாழ்ந்து வந்தனர். பின்பு 1892இல் ஷேக்ஸ்பியர் நினைவைக் காக்கும் அறநிலையத்தார் அதனை விலைகொடுத்து வாங்கினர். 1969இல் தீப்பற்றியபோதும், எரிந்த பகுதியைப் பழைய முறைப்படியே செப்பனிட்டனர். ஒரு கவிஞனின் மனைவி பிறந்த வீட்டுக்கே இத்துணைப் போற்றுதல் உண்டு!

இதனைக் கேள்வியுறும்போது நம் நாட்டு நிலை நம் கருத்துக்கு வருகின்றது. ஷேக்ஸ்பியர் உயிரோடிருந்த அதே காலத்தில், நம் மதுரை மாநகரில், மண்சுவர் எழுப்பிக் கூரை வேய்ந்த சிறு வீடொன்றில் மேனாட்டுப் பெருங்குடியில் தோன்றிய இளந்துறவி ஒருவர் குடிபுகுந்தார். 1606ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அவர் மதுரையை அடைந்தார். அதே ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் இலண்டன் அரண்மனையில், முதலாம் ஜேம்ஸ் மன்னர் முன்னிலையில், லியர் அரசன் நாடகம் நடிக்கப்பெற்றது. அந்நாடகக் கவிஞனைச் சார்ந்த கூரை வீடு நின்று நிலவுகின்றது. தமிழ் உரைநடைக்குப் புதுவழி காட்டிய துறவியின் கூரை வீடோ இருந்த இடம் காட்டும் கல்லும் இன்றி மறைந்தொழிந்தது. அத்துறவியே தத்துவ போதகர் எனப் பெயர் பூண்ட இராபர்ட் தெ நொபிலி ஆவார். அவர் வரலாற்றை அவ்வீட்டின் வாயிலில் நின்று ஒருவாறு காண முயல்வோம்.

கூரை வீட்டின் இயல்பு

ஆண்டிபட்டி, தேனி, கம்பம் பள்ளத்தாக்கு ஆகிய பக்கங்களினின்றும் கல்லூரிக்கு வருவோராகிய நமக்குக் கூரை வீடு புதியதன்று. கவைக்கால்களை நாற்புறமும் ஊன்றி, அவற்றின்மேல் வளை ஏற்றி, முகட்டினின்று கைமரங்களைச் சரித்து, மூங்கில் வரிச்சுக் கட்டி, தென்னங்கீற்றாலோ கம்பந்தட்டையாலோ மலைப்புல்லாலோ வேய்வது நம் முன்னோர் கையாண்ட முறை. ஆண்டிபட்டியைச் சூழ்ந்த மானாவாரி நிலங்களில் கம்பும் சோளமும் உணவு தந்ததோடு, அவற்றின் தட்டை மாட்டுக்குத் தீனியாகவும் வீட்டுக்கு மேற்கூரையாகவும் பயன்பட்டது. மேற்கே கம்பம் பள்ளத்தாக்கில் நீர்வளமும் தென்னையும் மிகுதியாதலின் அங்கே கீற்றே பெருவழக்கு.

ஆயினும் ஆங்கில நாட்டுக் கூரை வீட்டுக்கும் நம்முடையதற்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. அங்குள்ள கருவாலிச் சட்டம் பல நூற்றாண்டு தாங்கும். வேய்ந்த தாளும் பல ஆண்டுகள் நிற்கும். நம் நாட்டில் கறையானும் மழையும் வெயிலும் ஒன்றுகூடி, சில ஆண்டுகளுக்குள் கூரையைப் புதுப்பிக்கச் செய்கின்றன. மண்சுவர் மேற்கூரை இழந்தால் இரண்டு மூன்று மாரியில் மண்ணோடு மண்ணாகிவிடும். நொபிலியின் வீடு மறைந்ததற்கு இது ஒரு காரணம். அதனைக் காக்க வேண்டும் என்னும் எண்ணம் எவருக்கும் எழாமை மற்றொரு காரணம்.

பிறப்பும் துறவும்

நொபிலி 1577ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் இத்தாலி நாட்டில் பிறந்தார். தஸ்கனிப் பகுதியிலுள்ள மொந்தெபுல்சியானோ என்னும் ஊரைத் தாயகமாகக் கொண்ட குடி அவர் குடி. பாப்பரசராக விளங்கிய மூன்றாம் ஜூலியஸ் அக்குடிக்கு உறவினர். கல்வியிற் சிறந்த கர்தினால் பெல்லார்மினும் உறவினரே. தந்தையார் படைத்தொழிலில் உயர்ந்தவர். இத்தகைய குடியில் மூத்த மகனாய்ப் பிறந்தவர், செல்வத்தையும் பதவியையும் விழைந்திருப்பின் இரண்டும் தாமே வந்து எய்தியிருக்கும். அவரோ, சுற்றத்தார் தடுத்தும் கேளாமல் வீட்டைவிட்டு வெளியேறி, நேப்பிள்ஸ் நகரத்தில் இயேசு சபையிற் சேர்ந்தார். கீழ்நாடு சென்று தொண்டு புரிய வேண்டும் என்னும் வேட்கை அவர் உள்ளத்தில் வேரூன்றியிருந்தது.

1604இல் லிஸ்பன் துறைமுகத்தில் கப்பலேறிய அவர், இடையிற் பல இன்னல்கள் உற்று, 1605ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் கோவாவை அடைந்தார். அங்கிருந்து கொச்சிக்கும், பின்னர் முத்துக்குளித்துறைக்கும் சென்றார். முத்துக்குளித்துறையிற் பரதவ மக்களிடையே சின்னாள் தங்கித் தமிழ் கற்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டின் இறுதியில், சபைத் தலைவராகிய அல்பெர்ட்டோ லயெர்சியோ என்பார் அவரை மதுரைக்கு அழைத்துச் சென்றார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது.

மதுரையின் அக்கால நிலை

அந்நாளில் மதுரையை ஆண்டவர் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர். எழுபத்திரண்டு பாளையங்களாக வகுக்கப்பட்டது என மரபு கூறும் அவ்வரசு, தெற்கே கன்னியாகுமரிப் பக்கம் முதல் வடக்கே சேலத்துப் பக்கம் வரை விரிந்து கிடந்தது. போடிநாயக்கனூர், கண்டமனூர் முதலிய நம் பக்கத்து ஊர்கள் பாளையங்களாக விளங்கியவையே. மதுரை, கோயிலாலும் கல்வியாலும் வணிகத்தாலும் தென்னாட்டின் நடுநாயகமாய்த் திகழ்ந்தது.

அங்கே 1595 முதலே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் போர்த்துக்கீசியப் பாதிரியார் ஒருவர் இருந்தார். முன்னாளில் போர்வீரராயிருந்து துறவு பூண்டவர் அவர். எளிய வாழ்க்கையும் நல்லெண்ணமும் உடையவர். பள்ளிக்கூடம் ஒன்றும் சிறு மருத்துவ நிலையம் ஒன்றும் நடத்தி வந்தார். கடற்கரையிலிருந்து மதுரைக்கு வந்துபோகும் பரதவருக்கும் போர்த்துக்கீசியருக்கும் குருவாயிருந்தார். ஆயினும் பதினோராண்டு உழைத்தும் மதுரை மக்களுள் ஒருவரையேனும் அவரால் தம் சமயத்திற் சேர்க்க இயலவில்லை.

இதன் காரணத்தை நொபிலி விரைவில் உணர்ந்தார். மேனாட்டாரை மக்கள் பரங்கிகள் என்று அழைத்தனர். பரங்கி என்றால் மாட்டிறைச்சி உண்பவன், மது அருந்துபவன், நீராட்டு அறியாதவன், ஆசாரம் அற்றவன் என்பது அக்கால மக்களின் எண்ணம். பெர்னாண்டஸோ தம்மைப் பரங்கி என்றே சொல்லிக்கொண்டார். தம் சமயத்திற் சேர்வதைப் பரங்கிக் குலத்திற் சேர்வது என்று பொருள்படவே பேசியும் வந்தார். ஒரு கொள்கையைக் கேட்டு ஆராய்வதற்கு முன்னரே, தன் குலத்தையும் சுற்றத்தையும் மொழியையும் விட்டுவிட வேண்டும் என்றால் எவன் அருகில் வருவான்? இக்கேள்வியே நொபிலியின் வாழ்நாள் முழுவதையும் ஆட்கொண்டது.

வீடு மாறியது

மேலோரின் இசைவு பெற்று, நொபிலி பெர்னாண்டஸின் இல்லத்தினின்றும் பிரிந்தார். உயர்குலத்தார் வாழ்ந்த பகுதியில், மண்சுவரும் கூரையும் உடைய சிறு வீட்டில் குடிபுகுந்தார். கறுப்பு அங்கியை நீக்கிக் காவி உடுத்தார். காலணியை நீக்கி மரப்பாதுகை பூண்டார். நெற்றியிற் சந்தனம் இட்டார். ஊனும் மீனும் முட்டையும் மதுவும் அடியோடு விலக்கி, நாளைக்கு ஒருமுறை சோறும் காய்கறியும் பாலும் உண்டார். சமையலுக்குப் பிராமணர் ஒருவரை அமர்த்தினார். தத்துவ போதகர் என்னும் பெயரையும் ஏற்றார்.

அவ்வீட்டுக்கு வருவோர் உடனே அவரைக் காண இயலாது. வாயிலில் நிற்கும் மாணாக்கர், ஐயர் தியானத்தில் இருக்கின்றார் என்று சொல்லி அனுப்புவர்; இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ வருவோர்க்கே உள்ளே புக இடம் கிடைக்கும். துணி விரித்த மேடையில் அவர் அமர்ந்திருப்பார். எதிரே பாய் விரிக்கப்பட்டிருக்கும். வந்தவர் கைகூப்பி வணங்கி அமர்வர். பின்பு கடவுள் ஒருவரா பலரா, உயிர் என்பது யாது, மறுபிறப்பு உண்டோ என்றெல்லாம் உரையாடல் நிகழும். அவர் தூய தமிழில், மேற்கோளும் உவமையும் நிரம்பப் பேசக் கேட்டு மதுரை மக்கள் வியந்தனர்.

முதன்முதல் அவரோடு நெடிது வாதித்தவர், பெர்னாண்டஸின் பள்ளியில் ஆசிரியராயிருந்த நாயக்கர் குலத்தார் ஒருவர். இருபது நாள்வரை, நாடோறும் பல நாழிகை, இருவரும் வினாவும் விடையுமாய் ஆராய்ந்தனர். முடிவில் அவ்வாசிரியர் நொபிலியின் கொள்கையை ஏற்று அல்பெர்ட்டோ என்னும் பெயர் பெற்றார். பெர்னாண்டஸின் வீட்டில் பல்லாண்டு நிகழாத மாற்றம், நொபிலியிடம் சில வாரங்களில் நிகழ்ந்தது.

வடமொழி கற்றல்

தமிழோடு நில்லாமல், அரசவையில் வழங்கிய தெலுங்கையும் அவர் பயின்றார். வடமொழியைக் கற்க விரும்பியபோது சிவதருமர் என்னும் பிராமண அறிஞர் ஆசிரியராய் வாய்த்தார். அக்காலத்தில் வேதத்தைப் பிறநாட்டாருக்குப் புகட்டுவது பெருங்குற்றமாகக் கருதப்பட்டது. அது வெளிப்பட்டால் ஆசிரியருக்குப் பெருந்தீங்கு நேரும். அவ்வச்சத்தையும் பொருட்படுத்தாது சிவதருமர் கற்பித்தார். வடமொழியிலும் வேத நூல்களிலும் ஆழ்ந்த பயிற்சி பெற்ற முதல் ஐரோப்பியர் நொபிலியே என்று அறிஞர் கூறுவர். கல்கத்தாவில் ஆங்கிலேயர் வடமொழி ஆராய்ச்சிக்குக் கழகம் கண்டது 1784இல். அதற்கு ஏறத்தாழ நூற்றெழுபத்தைந்து ஆண்டுகட்கு முன்பே மதுரையில் இப்பயிற்சி நிகழ்ந்துவிட்டது என்பது நாம் மறக்கலாகாத செய்தி.

இருபுறமும் எதிர்ப்பு

இவ்வாறு வாழ்ந்தவருக்கு இருபுறத்திலும் பகை மூண்டது. மதுரையில் அவர் வேடமிட்ட பரங்கியே என்று சிலர் தூற்றினர். அதற்கு விடையாக அவர் ஓர் ஓலை எழுதி வீட்டின் முகப்பில் அறைந்தார். தாம் பரங்கி அல்லர் என்றும், அந்நாட்டிற் பிறந்தவர் அல்லர் என்றும், ரோமாபுரியில் அரசர்க்கொப்பான குடியிற் பிறந்து துறவு பூண்டவர் என்றும் அதில் அறிவித்தார். கூரை வீட்டின் சுவரே அவருக்குச் செய்தித்தாளாயிற்று.

மற்றொருபுறம், சொந்தச் சபையாரிடமிருந்தே கண்டனம் எழுந்தது. 1610இல் பெர்னாண்டஸ் மேலோருக்குக் குற்றச்சாட்டு எழுதினார். நொபிலி தம்முடன் உண்பதில்லை, வெளிப்படையாகப் பழகுவதில்லை, கிறிஸ்தவரைப் பூணூலும் குடுமியும் அணிய விடுகின்றார், சமயத்தையே திரித்துவிட்டார் என்பன அக்குற்றச்சாட்டின் சாரம். முதியவராகிய அவர் மனம் புண்பட்டதில் வியப்பில்லை. ஒரே சபையைச் சார்ந்த இளையவர், ஒரே நகரத்தில் இருந்துகொண்டு, தம்மை வேற்றாராக நடத்துவதை எவர்தாம் பொறுப்பர்?

வழக்கு கொச்சிக்கும் கோவாவுக்கும் ரோமாபுரிக்கும் சென்றது. உறவினராகிய கர்தினால் பெல்லார்மினே முதலில் கடிந்து எழுதினார். நொபிலியின் விளக்கத்தைப் படித்த பின்னரே மனம் மாறினார். பூணூலும் குடுமியும் சந்தனமும் நீராட்டும் சமயச் சின்னங்களா, குலத்தையும் நாகரிகத்தையும் காட்டும் வழக்கங்களா என்பதே வழக்கின் உயிர்நாடி. இவை வழக்கங்களே என்று நொபிலி, வடமொழி நூல்களைச் சான்றுகாட்டி, இலத்தீன் மொழியில் விரிவாக எழுதினார். கொடுங்கல்லூர்ப் பேராயர் பிரான்சிஸ்கோ ரோஸ் அவர் பக்கம் நின்றார். கோவாப் பேராயர் கிறிஸ்தோவம் தெ சா எதிர்த்தார். 1619இல் கோவாவிற் கூடிய பேரவைக்கு நொபிலி காவியுடையோடு சென்றபோது, அங்கிருந்தோர் பலர் முகம் சுளித்தனர். அவையிற் பெரும்பாலோர் அவருக்கு மாறாகவே பேசினர். இதற்கிடையே ஞானஸ்நானம் அளிக்கலாகாது என்ற தடையும் அவர்மீது நெடுநாள் இருந்தது. அவர் மதுரையை விட்டு ஓடவுமில்லை; மேலோர்க்குக் கீழ்ப்படிய மறுக்கவுமில்லை. படித்தும் எழுதியும் காத்திருந்தார்.

முடிவில் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் 1623ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் வெளியிட்ட சாசனம், பூணூல், குடுமி, சந்தனம், நீராட்டு ஆகியவற்றைச் சில வரையறைகளோடு அனுமதித்தது. பதின்மூன்று ஆண்டுப் போராட்டம் ஒருவாறு ஓய்ந்தது. அதே ஆண்டில் நொபிலி வடக்கு நோக்கிப் பயணமாகித் திருச்சிராப்பள்ளி, சேலம் பகுதிகளிலும் தொண்டாற்றினார்.

அடைத்த வாயில்

நொபிலியின் வரலாற்றைப் புகழ்ந்துரைப்போர் பலர் ஒரு செய்தியை மேலோட்டமாகக் கடந்துவிடுகின்றனர். நாம் அவ்வாறு கடத்தல் முறையன்று. அவர் வீட்டுக் கதவு எல்லார்க்கும் ஒருபடித்தாய்த் திறந்திருக்கவில்லை. உயர்குலத்தார் வந்து அமர்ந்து வாதிப்பதற்கு வேண்டிய தூய்மையைக் காக்க எண்ணியமையால், தாழ்த்தப்பட்டார் அவ்வாயிலை நெருங்க இயலாதாயிற்று. பெர்னாண்டஸின் எளிய கோயிலுக்கு வந்த பரதவரோடு நொபிலியின் மாணாக்கர் கலக்கவில்லை. ஒரே நகரத்தில் ஒரே சமயத்தார்க்கு இரண்டு கோயில்கள் அமைந்தன.

நொபிலியின் நோக்கம் சாதியை வளர்ப்பதன்று என்பது உண்மை. பிறந்த குலத்தை விடாமலே ஒருவன் தன் மனச்சான்றின்படி கொள்கை மாறலாம் என்பதே அவர் நிலைநாட்ட விரும்பியது. பிற்காலத்தில் தாழ்த்தப்பட்டார்க்கும் அவர் தொண்டாற்றினார். 1640 முதல், பண்டார சுவாமிகள் எனப்பட்ட வேறொரு வகுப்புக் குருமார் எல்லாக் குலத்தாரிடமும் பழகுமாறு ஏற்படுத்தப்பட்டனர். ஆயினும், ஒருமுறை இணங்கிப் போன பிரிவினை எளிதில் நீங்குவதில்லை. திருநெல்வேலிச் சீமையிலுள்ள வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கோயிலில், இரு சாராரையும் பிரிக்கும் சுவர் ஒன்று எழுப்பப்பட்டு, 1910 வரை நின்றது. அச்சுவரை நொபிலி கட்டவில்லை. எனினும் அதன் அடிக்கல் எங்கே கிடந்தது என்று வினவுவோர்க்கு, மதுரைக் கூரை வீட்டின் வாயிலையும் சுட்ட வேண்டியவர்களாகவே இருக்கின்றோம். பெரியோரின் குறையையும் அறிந்து மதித்தலே உண்மை மதிப்பாகும்.

பெர்னாண்டஸ் எளியோர்க்குத் தம் கதவைத் திறந்து வைத்தார். ஆனால் மக்களின் பண்பாட்டுக்குள் நுழையும் கதவை அவர் கண்டிலர். நொபிலி அந்த இரண்டாம் கதவைக் கண்டார். கண்டதற்கு விலையாக முதற்கதவை அடைத்துக்கொண்டார். இருவரும் ஒருவரையொருவர் அறிந்து ஒன்றுபட்டிருப்பின் வரலாறு வேறுவகையாய் நடந்திருக்கும் என்று எண்ணாதிருக்க நம்மால் இயலவில்லை.

தமிழ் உரைநடைக்குச் செய்த தொண்டு

நொபிலிக்கு முன் தமிழில் உரைநடை இல்லாமற் போகவில்லை. இலக்கண இலக்கியங்களுக்கு எழுந்த உரைகள் செறிந்த நடையில் இருந்தன. 1578இல் கொல்லத்தில் என்றீக் என்றீக்கசு அடிகளார் அச்சிட்ட தம்பிரான் வணக்கம் என்னும் சிறு நூலும் உண்டு. ஆயினும், ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, காரணகாரியம் காட்டி, எதிர்ப்போர் கூற்றை எடுத்து மறுத்து, பக்கம் பக்கமாக உரைநடையிலேயே தத்துவ ஆராய்ச்சி செய்த நூல்களை மிகுதியாக இயற்றியவர் நொபிலியே. ஞானோபதேசம், ஆத்தும நிருணயம், தூஷணத் திக்காரம், புனர்ஜென்ம ஆக்ஷேபம், நித்திய ஜீவன சல்லாபம் முதலியன அவர் நூல்கள். இவற்றுட் சில, குருவும் சீடனும் உரையாடுவது போல அமைந்தவை. கூரை வீட்டுப் பாயில் அமர்ந்து நிகழ்ந்த வினாவிடைகளின் ஒலி இவற்றில் நமக்குக் கேட்கின்றது.

சமயச் சொற்களிலும் அவர் கருத்துச் செலுத்தினார். போர்த்துக்கீசியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிவிட்டால் போதும் என்று முன்னிருந்தோர் எண்ணினர். அவரோ, கேட்பவர்க்குப் பொருள் விளங்க வேண்டும் எனக் கருதி, நாட்டிலே வழங்கிய சொற்களைத் தேடி எடுத்தார். கோயில், பூசை, ஞானஸ்நானம், வரப்பிரசாதம், சருவேசுரன் முதலிய சொற்கள் அவர் நூல்களாலும் அவர் வழிவந்தோர் நூல்களாலும் கிறிஸ்தவர் வாயில் நிலைபெற்றன. வடசொல் மிகுதி அவர் நடையின் குறை எனலாம். அக்காலக் கற்றோர் வழக்கு அதுவாகையால் அவரை மட்டும் பழித்தல் பொருந்தாது. பின்வந்த வீரமாமுனிவர் தூய தமிழில் எழுதிப் புகழ்பெற்றார். அவர் நடந்த பாதையில் முதலில் முட்செடி நீக்கியவர் தத்துவ போதகர். 1960ஆம் ஆண்டுகளில், தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகத்தின் வாயிலாக, ச. இராசமாணிக்கம் அடிகளார் இந்நூல்களை அரிதின் முயன்று பதிப்பித்தமையால் அவை நம் கைக்கு எட்டின.

இறுதி நாட்கள்

1640இல், திருமலை நாயக்கர் ஆட்சிக்காலத்தில், நொபிலி மதுரையிற் சிறைப்பட்டார். அவர் இல்லமும் பறிமுதலாயிற்று. பல திங்கள் துன்புற்று விடுதலை பெற்றபோது வயது அறுபதைக் கடந்திருந்தது. கண்ணொளியும் குன்றியது. மதுரை வாழ்வின் கடுமை இனி ஆகாது என்று மேலோர் கருதி, அவரை முதலில் யாழ்ப்பாணத்துக்கும் பின்னர் மயிலாப்பூருக்கும் அனுப்பினர். நாற்பது ஆண்டுக்கு அணித்தாகத் தமதாகக் கொண்ட நகரத்தை அவர் பிரிந்தார்.

மயிலாப்பூரிற் போர்த்துக்கீசியருக்குக் கல்லாற் கட்டிய இல்லங்கள் இருந்தன. தளர்ந்த முதியவர் அங்கே வசதியோடு இருந்திருக்கலாம். அவர் அதனை விரும்பாது, ஊருக்குப் புறத்தே ஒரு மண் குடிலையே தேர்ந்தெடுத்து, உடன்வந்த பிராமண மாணாக்கர் சிலரோடு தங்கினார். உணவிலும் உடையிலும் பழைய நியமத்தைத் தளர்த்தவில்லை. கண் மங்கியபோதும் அவர் சொல்லச் சொல்ல மாணாக்கர் ஓலையில் எழுதினர். முன் எழுதிய நூல்களைத் திருத்தியும் புதியன சேர்த்தும் வந்தார். 1656ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள், எழுபத்தொன்பதாம் வயதில், அவர் உயிர் நீத்தார். இந்நாட்டுக்கு வந்து ஐம்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. ஒருமுறையேனும் தாயகம் திரும்பினாரல்லர்.

அவர் இறந்த பின்னும் அவர் எழுப்பிய கேள்வி இறக்கவில்லை. 1744இல் பதினான்காம் பெனடிக்ட் பாப்பரசர் மலபார்ச் சடங்குகள் எனப்பட்ட பல வழக்கங்களை விலக்கினார்; அவ்விலக்கைக் காப்பதாகக் குருமார் ஆணையிடும் வழக்கம் 1940 வரை இந்நாட்டில் நீடித்தது. பின்னர்க் காலம் மாறியது. ஒரு நாட்டாரிடம் செல்வோர் அந்நாட்டு மொழியையும் வாழ்க்கையையும் மதித்துக் கற்க வேண்டும் என்பது இன்று பலரும் ஒப்பும் கொள்கையாயிற்று.

நிற்பனவும் நில்லாதனவும்

நொபிலியின் முதுமைக் காலத்தில், 1636ஆம் ஆண்டளவில், திருமலை நாயக்கர் மதுரையில் தம் மாளிகையைக் கட்டி முடித்தார். பருத்த தூண்களும் உயர்ந்த வளைவுகளும் உடைய அம்மாளிகையின் ஒரு பகுதி இன்றும் நின்று, காண்போரை வியப்பிலாழ்த்துகின்றது. ஆண்டிபட்டிக் கணவாயைக் கடந்து உசிலம்பட்டி வழியாக மதுரைக்குச் செல்லும் நம் பக்கத்து மாணவர், மகாலைக் காணாது திரும்புவது அரிது. அதே நகரத்தில், அதே காலத்தில், சில முழ உயரமுள்ள மண்சுவருக்குள் நிகழ்ந்த கல்விப் பணியை நினைப்பாரோ மிகச் சிலர்.

ஷாட்டரியிலுள்ள வீடு நிற்பதற்குக் கருவாலிச் சட்டத்தின் வலிமை மட்டும் காரணம் ஆகாது. தாள் மக்கிய போதெல்லாம் புதிதாய் வேய்ந்த கைகள் இருந்தமையால் அது நிற்கின்றது. நம் மதுரைக் கூரை வீட்டை மீண்டும் எழுப்ப இயலாது. எழுப்பினாலும் அது அதுவாகாது. ஆயின் அவ்வீட்டிலிருந்து புறப்பட்டு ஓலையில் ஏறி, ஓலையினின்றும் ஓலைக்குப் படியெடுக்கப்பட்டு, அச்சேறிய நூல்கள் உள. கூரையை ஆண்டுதோறும் புதுக்கி வேய்வது போல, நூலையும் ஒவ்வொரு தலைமுறையும் எடுத்துப் படித்தாலன்றி அது நில்லாது. நம் கல்லூரி நூல்நிலையங்களில் இந்நூல்கள் இருப்பின், தூசு தட்டி எடுத்துப் பார்க்குமாறு மாணவ நண்பர்களை வேண்டுகின்றோம்.

கற்கும்போது இரண்டு படிப்பினைகளையும் சேர்த்தே கற்போமாக. பிறர் மொழியைப் பிறர் முற்றத்தில் அமர்ந்து, பிறர் உணவை உண்டு, பல்லாண்டு பொறுமையோடு கற்றவனே பிறர்க்கு ஒன்றைச் சொல்லத் தகுதி உடையவன் ஆவான். இது நொபிலி வாழ்ந்து காட்டியது. கல்வியும் சமயமும் தங்கும் இல்லத்தின் வாயில் எவர்க்கும் அடைபடலாகாது. இது அவர் வாழ்வின் குறையினின்று நாம் உணர்வது. ஆண்டிபட்டி முதலிய சிற்றூர்களின் கூரை வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் கல்லூரி வாயிலை மிதிக்கும் இக்காலத்தில், இவ்விரண்டாம் படிப்பினையின் அருமையை நாம் பிறரிடம் கேட்டறிய வேண்டுவதில்லை.